நாலு மிதி வீரபாண்டி

கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் ஏலக்காயும் வாங்கி விற்ற முத்துராமலிங்கம் முதலாளியிடம் ஒரு பழைய பட்டாள ஜீப் இருந்தது. உலகச் சண்டை முடிந்து ராணுவம் கழித்துக்கட்டிய வண்டிகளை ஏலம் போட்டபோது அவருடைய அப்பா எடுத்து, ஸ்டியரிங்கை வலதுபக்கம் மாற்றி வைத்தது. நான்கு சக்கரமும் இழுக்கும். பீர்மேட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்துச் சேற்றில் லாரிகள் படுத்துவிடும். இது சின்ன கியரைப் போட்டதும் உறுமிக்கொண்டு ஏறிவிடும். ஏறுவதில் அதை அடித்துக்கொள்ள வண்டி கிடையாது. நிற்பதில்தான் தகராறு.

பிரேக்கை ஒரு தடவை மிதித்தால் பெடல் குழைந்த சோற்றுக்குள் விரல் போவதுபோல இறங்கிப் பலகையில் முட்டும். இரண்டாவது மிதிக்கு ஏதோ தட்டுப்படும். மூன்றாவதுக்குக் கொஞ்சம் கெட்டியாகும். நாலாவதுக்கு, அதுவும் ஆள் இருக்கையிலிருந்து எழுந்து முழு எடையையும் வலதுகாலில் இறக்கினால், வண்டி பெருமூச்சு விட்டு நிற்கும். இப்படி ஒரு வண்டியை எந்த ஊரிலும் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள். முத்துராமலிங்கம் முதலாளி போடவில்லை. ஏனென்றால் அவரிடம் வீரபாண்டி இருந்தான்.

வீரபாண்டி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் அந்த இருக்கையில் ஏறினான். அதற்கு முன்னால் முதலாளியின் சரக்குக் கிட்டங்கியில் மூட்டை தூக்கினான். அவனுடைய அப்பா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து முனிசிபாலிட்டியில் வேலை பார்த்தவர். பிள்ளை பிறந்ததும் வளர்ந்ததும் மட்டாஞ்சேரியில். பஸ்ஸின் மலையாள போர்டைத் தூரத்திலேயே படித்துவிடுவான், தமிழ்ப் பேப்பரைத்தான் விரல் வைத்துப் படிக்க வேண்டும். முதுகில் மூட்டை சுமந்த எண்பது பேரில் ஒருவனாக இருந்தவன், ஒரு நாள் பழைய டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனபோது, "நான் ஓட்டிப் பாக்கட்டுமா மொதலாளி?" என்று கேட்டான். அன்றிலிருந்து அவனுக்கு அந்த இருக்கை, வேறு யாருக்கும் இல்லை.

கிட்டங்கியின் முற்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஜார் ரோட்டு வாசலிலிருந்து காயல் பக்கமாகச் சரிந்து போகும் முற்றம் அது. அடியில் தராசு மேடை, அதைத் தாண்டிப் படகுத்துறை, அதைத் தாண்டித் தண்ணீர். வலதுபக்கம் நெடுக ஒரு செங்கல் சுவர். சுமையோடு வரும் ஜீப் வாசலில் நுழைந்து சரிவில் இறங்கித் தராசுக்கு முன்னால் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மிளகு மூட்டையோடு காயலில் இறங்க வேண்டியதுதான்.

ஜீப் வாசலில் தலைகாட்டியதும் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் எல்லாரும் தராசு மேடைக்கு ஓடிவந்து நிற்பார்கள். அவன் காலை ஓங்கும்போதெல்லாம் ஒன்றுசேர்ந்து எண்ணுவார்கள். "ஒண்ணு! ரண்டேஏஏ… மூணு! நாலு!" நாலுக்கு வண்டி நிற்கும், அதன்பிறகுதான் ஆட்கள் மூட்டைக்குக் கை நீட்டுவார்கள். அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. வெளியூர் வியாபாரி யாராவது வந்தால் முதலாளியே அவரைக் கூட்டிவந்து நிறுத்தி வேடிக்கை காட்டுவார். நாலு மிதி என்பது அவனுக்குப் பட்டப்பெயராயிற்று. வீட்டுக்குத் தேடி வருபவர்கள்கூட "நாலு மிதி வீடு எது?" என்றுதான் கேட்டார்கள். அவனுக்கு அதில் கொள்ளை சந்தோஷம். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு இறங்குவான்.

எண்ணிக்கை ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. இரண்டாவது மிதிக்கும் மூன்றாவது மிதிக்கும் நடுவில் பெடலிலிருந்து காலை முழுசாக எடுத்துவிட வேண்டும். எடுத்து, ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் சும்மா இருக்க வேண்டும். வண்டி சரிவில் ஓடிக்கொண்டிருக்கும், எதிரே தண்ணீர் பளபளக்கும், கால் துடிக்கும். ஆனாலும் பொறுக்க வேண்டும். அந்த ஒரு மூச்சுக்குள் பிரேக் எண்ணெய் திரும்பி வந்து குழாயை நிரப்பும். பொறுக்காமல் குத்தினால் எத்தனை குத்துக் குத்தினாலும் பிடிக்காது. ஏழெட்டு மாதம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டித்தான் வீரபாண்டி இதைக் கண்டுபிடித்தான். சுமட்டுக்காரர்கள் அந்த இடைவெளியை அவனுடைய திமிர் என்று நினைத்தார்கள். அதனால்தான் அந்த "ரண்டேஏஏ" இழுப்பு.

இந்த ரகசியத்தை அவன் சொன்னது ஒரே ஒரு ஆளிடம், மனைவி அங்கம்மாளிடம். அவளுக்கு ஜீப்பும் தெரியாது, பிரேக்கும் தெரியாது. "நாளைக்கு உங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தா யாரு ஓட்டுவா? நாலு பேருக்குச் சொல்லிக் குடுத்தா என்ன?" என்றாள்.

"சொல்லிக் குடுத்துட்டு? நான் மறுபடி மூட்டை தூக்கவா?" என்று எரிந்து விழுந்தான்.

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

முதலாளி ஜீப்பைத் திருத்தாமல் விட்டதற்கும் அவனே காரணம். தோப்பும்படியில் பட்டறை வைத்திருந்த முகமது இஸ்மாயில், வருஷம் ஒரு தடவை கிட்டங்கிக்கு வந்து ஜீப்பின் அடியில் தலையைக் கொடுத்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார். "மொதலாளி, இது வண்டியில்லே, சவப்பெட்டி. இப்ப வர்ற ஜீப்புல பதினொரு இஞ்சு டிரம் இருக்கு. இதுல ஒம்பது. அதைக் கழட்டி இதுல மாட்டித் தரேன். மாஸ்டர் சிலிண்டரும் ரெண்டு அறை உள்ளது போடலாம். முன்னால போனா பின்னால பிடிக்கும்" என்பார்.

முதலாளி வீரபாண்டியைப் பார்ப்பார். வீரபாண்டி தோளைக் குலுக்குவான். "பழைய வண்டி மொதலாளி. கை வச்சா இருக்கறதும் போயிரும். நான் இருக்கேன்ல?"

"அதானே, பாண்டி இருக்கான்ல" என்று முதலாளி சாயா சொல்லி அனுப்புவார். இஸ்மாயில் சாயாவைக் குடித்துவிட்டு முனகிக்கொண்டே போவார்.

எழுபத்தேழில் வெங்கிட்டு வந்தான். ஆலுவாவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், இருபத்தெட்டு வயது, நல்ல ஓட்டுக்காரன். மாற்று டிரைவர் ஒருவன் இருந்தால் நல்லது என்று முதலாளி வைத்துக்கொண்டார். அவர் அதை நல்லெண்ணத்தில்தான் செய்தார். வீரபாண்டி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. தன் இருக்கைக்கு ஆள் வந்துவிட்டான் என்றுதான் அவனுக்குப் பட்டது.

வெங்கிட்டு மரியாதைக்காரன். முதல் நாளே வந்து கைகட்டி நின்றான். "அண்ணே, இந்த வண்டி உங்க கைக்குத்தான் அடங்கும்னு சொல்றாங்க. பிரேக்கு எப்படின்னு கொஞ்சம் சொல்லித் தரணும்."

"இதுல சொல்லித்தர என்ன இருக்கு? நாலு மிதி. ஊருக்கே தெரியுமே."

"ரெண்டாவதுக்கப்பறம் நீங்க கொஞ்சம் நிறுத்தற மாதிரி இருக்கே?"

வீரபாண்டி அவனை ஏறிட்டுப் பார்த்தான். ஆறு வருஷத்தில் அதைக் கவனித்த முதல் ஆள். இவன் இருந்தால் தனக்கு இங்கே இடமில்லை என்று அந்த நொடியில் முடிவு செய்தான்.

"அது சும்மா கெத்துக்குச் செய்யறது. நீ அதெல்லாம் செய்யாதே. காலை எடுக்காமக் கடகடன்னு குத்து. நின்னுரும்" என்றான்.

நாலு நாள் கழித்து வெங்கிட்டு ஒன்பது மூட்டை மிளகோடு வாசலில் நுழைந்தான். சுமட்டுக்காரர்கள் எண்ண ஆரம்பித்தார்கள். ஒண்ணு, ரண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. ஆறுக்குப் பிறகு யாரும் எண்ணவில்லை. தராசு மேடையில் நின்றவர்கள் சிதறினார்கள். கிழவர் ஒருவர் மட்டும் கால் ஓடாமல் அங்கேயே நின்றார். வெங்கிட்டு அவர்மேல் ஏற்றாமலிருக்க வண்டியை வலதுபக்கச் சுவரோடு ஒடித்தான். சுவரை உரசிக்கொண்டே வண்டி நின்றது. அவனுடைய வலதுகால் கதவில்லாத வண்டிக்கு வெளியே வந்து, முட்டியிலிருந்து கணுக்கால்வரை சுவருக்கும் இரும்புக்கும் நடுவில் சிக்கிக் கிடந்தது. செங்கல்லில் பத்தடி நீளத்துக்கு அந்த உரசல் கோடு இன்றைக்கும் இருக்கிறது.

அவனை எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபின் முதலாளி கேட்டார். "பாண்டி, இஸ்மாயில் சொன்னதைக் கேட்டிருக்கணுமோ? இனிமேலாவது பிரேக்கை மாத்திரலாமா?"

அந்த இடத்தில் வீரபாண்டி செய்ததை நான் மூடி மறைக்கப் போவதில்லை. அவன் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிச் சக்கரத்தைக் கழுவினான். ஜீப்பில் ஏறிப் பின்பக்கமாகவே ஓட்டி வாசல்வரை கொண்டுபோனான். மறுபடியும் சரிவில் விட்டான். ஒன்று, இரண்டு, ஒரு மூச்சு, மூன்று, நாலு. தராசுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினான். எண்ண யாருக்கும் வாய் வரவில்லை. அவனே கீழே இறங்கிச் சொன்னான்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு மொதலாளி. கால் தெரியாதவன்ட்ட குடுத்தா வண்டி என்ன செய்யும்?"

மூன்று மாதம் கழித்து வெங்கிட்டு திரும்பிவந்தான். வலது முட்டி கால்வாசிதான் மடங்கியது. பாதம் அசையும்; ஆனால் ஓங்கி மிதிக்க அந்தக் காலால் ஆகாது. முதலாளி அவனைக் கிட்டங்கி வாசலில் காவலுக்கு உட்கார வைத்தார். வண்டி வரும்போது கதவைத் திறக்க வேண்டும், சரிவில் நின்றபின் சக்கரத்துக்கு அடியில் பலாமரக் கட்டையை வைக்க வேண்டும். காலை இழுத்து இழுத்துக் கட்டையோடு ஓடிவருவான். வீரபாண்டி மேலே உட்கார்ந்து, "சீக்கிரம்டா, வண்டி உருண்டுரும்" என்பான். வண்டி உருளாது, கைப்பிரேக் போட்டிருப்பான். சுமட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள், அந்த முற்றத்து ராஜா சொல்லும் நகைச்சுவைக்கு. வெங்கிட்டும் சிரிப்பான். தன் காலை முறித்தது தன்னுடைய அவசரம்தான் என்றே அவன் நம்பினான். "எனக்கு அந்தக் கால் வரலேண்ணே" என்று வீரபாண்டியிடமே சொல்லியிருக்கிறான்.

அங்கம்மாள் ஒரே ஒரு தடவை வாய் திறந்தாள். "ஒரு மூச்சு. அதைச் சொல்லியிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?" வீரபாண்டி சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். அவனுக்குக் குற்ற உணர்ச்சி என்று ஒன்று வந்ததா என்றால், வந்தது. வந்த வழியே போகவும் செய்தது.

இப்படி இன்னும் ஏழு வருஷம் போயிற்று. அதற்குள் அந்த வலதுகாலின் ஆடுசதை இடதுகாலைவிட ஒரு மடங்கு பருத்துவிட்டது. முட்டி உள்ளே பொடிப்பொடியாக அரைபட்டுக்கொண்டிருந்தது. காலையில் எழுந்தால் அங்கம்மாள் எண்ணெய் தேய்த்துவிட்ட பிறகுதான் நீளும். வெளியே சொல்லவில்லை. சொன்னால் இருக்கை போய்விடும். எண்பத்துநாலு ஜூன் மாத மழையில் முதலாளியையும் ஏலக்காயையும் ஏற்றிக்கொண்டு குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் இறங்கும்போது, ஒரு வளைவில் இரண்டாவது மிதி முடிந்து, மூச்சு முடிந்து, மூன்றாவதுக்குக் காலை ஓங்கியபோது முட்டி பூட்டிக்கொண்டது. கால் அந்தரத்தில் நின்றது. இடதுபக்கம் பாதாளம். வீரபாண்டி வண்டியை வலதுபக்க மலைச்சுவரில் கொண்டுபோய்ச் செருகினான்.

முதலாளிக்கு நெற்றியில் ஏழு தையல். மழையில் உட்கார்ந்து, ரத்தம் வழிய, அவர் வீரபாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "என் உசிரைக் காப்பாத்தினியேப்பா." பிறகுதான் அவன் எழுந்து நிற்க முடியாமல் கிடப்பதைப் பார்த்தார். முட்டியின் கதை எல்லாம் வெளியே வந்துவிட்டது.

வேறு முதலாளியாக இருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பார். இவர் நல்லவர். நல்லவர்களால்தான் சில பேருக்குக் கேடு வருகிறது. "உன் முட்டிக்காகத்தான் பாண்டி, நீ இன்னும் பத்து வருஷம் இந்த சீட்டுல உக்காரணும். பிரேக்கை மாத்திப்புடறேன்" என்று இஸ்மாயிலுக்கு ஆள் அனுப்பினார். வேண்டாம் என்று சொல்ல இந்த முறை வீரபாண்டிக்கு வாய் வரவில்லை. பத்து வருஷம் என்ற வார்த்தை காதில் தேனாக இருந்தது. அங்கம்மாளிடம் வந்து சொன்னபோது அழுதேவிட்டான்.

இஸ்மாயில் பத்து வருஷம் காத்திருந்த ஆசையை ஒரே மாதத்தில் தீர்த்துக்கொண்டார். ஆலுவாவில் உடைக்கப் போட்ட ஒரு புது மாடல் ஜீப்பிலிருந்து பதினொரு அங்குல டிரம்கள் நாலும் வந்தன. களமசேரியில் ஒரு வேனிலிருந்து பூஸ்டர் வந்தது. குண்டுச் சட்டியைக் கவிழ்த்த மாதிரி ஒரு கறுப்பு டப்பா, என்ஜின் உறிஞ்சும் காற்றை வைத்து மிதிக்கு வலுக்கூட்டித் தருவது. இரண்டு அறை மாஸ்டர் சிலிண்டர் புதுசாக வந்தது. ஜீப் நகரும் நிலையில் இல்லாததால் கிட்டங்கி முற்றத்திலேயே முட்டுக்கொடுத்து நிறுத்தி வேலை நடந்தது.

கடைசியில் குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் அடியில் படுத்துத் திருகாணியைத் திறந்து மூட, இன்னொருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். வீரபாண்டியின் முட்டி வீங்கிக் கிடந்தது. "எடா வெங்கிட்டு, நீ ஏறி உக்காரு. பலம் வேண்டா, சொல்லும்போது சவிட்டினா மதி, மிதிச்சாப் போதும்" என்று இஸ்மாயில் கூப்பிட்டார். ஏழு வருஷத்துக்கப்புறம் வெங்கிட்டு அந்த இருக்கையில் ஏறினான்.

"சவிட்டு. பிடிச்சோ. ம், விடு. சவிட்டு. பிடிச்சோ." இஸ்மாயில் அடியில் கிடந்தபடியே, வேலை நன்றாகப் போகும் சந்தோஷத்தில், பேசிக்கொண்டே இருந்தார். கழற்றிப் போட்ட பழைய சிலிண்டர் அவருக்குப் பக்கத்தில் கிடந்தது. அதைத் தட்டிக் காட்டினார்.

"இதை வச்சு இத்தனை வருஷம் ஓட்டினது பாண்டியோட சாமர்த்தியம். இதுல எண்ணெ திரும்பி வர நேரம் வேணும். ரெண்டு சவிட்டு சவிட்டிட்டுக் காலை முழுசா எடுக்கணும். ஒரு மூச்சு பொறுக்கணும். பின்னே மூணு, நாலு. காலை எடுக்காமக் குத்தினா நாப்பது குத்தினாலும் காத்தைத்தான் சவிட்டிட்டிருக்கணும். நேரா போய்க் காயல்ல விழுந்துருவான். பாண்டி, உனக்கு இது எப்பத் தெரிஞ்சுது?"

வீரபாண்டி தராசு மேடையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"முதல் வருஷமே தெரிஞ்சிருக்கும், அல்லே? இல்லேன்னா நீ இங்க இருந்திருக்க மாட்டே" என்று இஸ்மாயிலே பதிலும் சொல்லிக்கொண்டார். "வெங்கிட்டு, சவிட்டு."

பெடல் இறங்கவில்லை.

"எடா, சவிட்டுன்னேன்."

வெங்கிட்டு வீரபாண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீரபாண்டியால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. கத்தினால்கூடப் பரவாயில்லை, இறங்கிவந்து அடித்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. பிறகு வெங்கிட்டு தலையைத் திருப்பிக்கொண்டு மெதுவாகப் பெடலை மிதித்தான். "பிடிச்சோ?" என்று கேட்டார் இஸ்மாயில். "பிடிச்சிருக்கேன் இக்கா" என்றான்.

ஆவணியில் வண்டி தயாராயிற்று. மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, முதலாளி முன்னிருக்கையில் ஏற, வீரபாண்டி ஓட்டினான். பஜார் ரோட்டில் ஒரு சுற்று வந்து வாசலில் நுழைந்தபோது சுமட்டுக்காரர்கள் அத்தனை பேரும் தராசு மேடையில் நின்றார்கள், எண்ணுவதற்கு. "காலை வச்சாப் போதும், அமுக்காதே" என்று இஸ்மாயில் நூறு தடவை சொல்லியிருந்தார். வீரபாண்டியின் தலைக்கு அது புரிந்திருந்தது. காலுக்குப் புரியவில்லை. சரிவைக் கண்டதும் அது பதின்மூன்று வருஷப் பழக்கத்தில் இருக்கையிலிருந்து ஆளைத் தூக்கி முழு எடையோடு இறங்கியது.

"ஒண்ணு!" என்றார்கள்.

அவ்வளவுதான். வண்டி பாதிச் சரிவிலேயே ஆணி அடித்ததுபோல நின்றது. முதலாளியின் நெற்றி கண்ணாடிச் சட்டத்தில் மோதித் தையல் போட்டு ஆறிய இடம் பிளந்தது. மாலை அறுந்து முன்னால் விழுந்தது. எண்ண வந்தவர்கள் திறந்த வாயோடு நின்றார்கள், பிறகு யாரோ ஒருவன் சிரிக்க, எல்லாரும் சிரித்தார்கள். அவனைப் பார்த்து அவர்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

போகப் போகச் சரியாகும் என்றார் முதலாளி, நெற்றியைத் துண்டால் அமுக்கிக்கொண்டு. சரியாகவில்லை. யூதத் தெருவில் மிதித்தான். பின்னால் வந்த கைவண்டி ஜீப்பில் ஏறியது. இடக்கொச்சியில் மிதித்தான், முதலாளி கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் படுத்தார். அங்கம்மாள் தரையில் ஒரு பப்படத்தை வைத்து, "இது ஒடையாம மிதிச்சுப் பழகுங்க" என்றாள். உட்கார்ந்த இடத்தில் அழகாக மிதிப்பான். வெளியே எங்கேயாவது ஒரு ஹாரன் சத்தம் கேட்டால் போதும், பப்படம் தூள். ராத்திரிச் சோற்றுக்கு அந்தத் தூளைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். அவன் தன் காலைப் பார்த்து, பெற்ற பிள்ளையைத் திட்டுவதுபோலத் திட்டினான்.

புரட்டாசியில் தோப்பும்படிப் பாலத்தின் நடுவில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. கால் இறங்கியது. பின்னால் வந்த லாரி நிறுத்த முடியாமல் ஜீப்பின் பின்பக்கத்தை இடித்தது. இரண்டு மூட்டை வெடித்து மிளகு பாலம் பூராவும் உருண்டது. முதலாளி மெல்ல இறங்கினார். கத்தவில்லை.

"போதும் பாண்டி. சாவியைக் குடு" என்றார்.

மறுநாள் காலையில் ஜீப்பை வாசலிலிருந்து உள்ளே எடுத்து வைக்க ஆள் இல்லை. கதவருகில் நின்ற வெங்கிட்டு, "நான் எடுத்து வைக்கட்டுமா மொதலாளி?" என்று கேட்டான். மடங்காத காலை நீட்டி உட்கார்ந்தான். பாதத்தை மட்டும் பெடலில் வைத்தான். அந்த பிரேக்குக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஜீப் சரிவில் வழுக்கிவந்து, தராசுக்கு முன்னால், டம்ளரில் இருக்கும் சாயா தளும்பாமல் நிற்பதுபோல நின்றது. முதலாளி சாயா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தார்.

"நீ எங்கேயும் போக வேண்டாம் பாண்டி" என்று அன்று சாயங்காலம் அவர் வீரபாண்டியின் தோளைத் தட்டினார். "உன்னை நான் விட்டுருவேனா? கட்டை போட ஆள் வேணும்ல." புது பிரேக்குக்குக் கட்டையே தேவையில்லை என்பது அவருக்கும் தெரியும். அவர் நல்லவர், நான்தான் சொன்னேனே.

வீரபாண்டி போயிருக்கலாம். வேறு எந்த வண்டியில் எந்தக் காலோடு போவான்? மூட்டை தூக்க முட்டி இல்லை. பலாமரக் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, தராசுக்குப் பக்கத்தில், கோடு விழுந்த அந்தச் சுவரோடு முதுகை ஒட்டி நின்றான்.

வெங்கிட்டு ஓட்ட, ஜீப் வாசலில் நுழைந்தது. தராசுக்கு நேராக வர வேண்டிய வண்டி, கொஞ்சம் வலதுபக்கம் சாய்ந்து, சுவரைப் பார்த்து, அவனைப் பார்த்து வந்தது. வேகம் குறையவில்லை. வீரபாண்டிக்கு ஓடத் தோன்றவில்லை. வெங்கிட்டின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் கோபம் ஒன்றும் இல்லை. வண்டி அவனுடைய முட்டிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

வெங்கிட்டு வெளியே தலையை நீட்டினான். "பயந்துட்டீங்களாண்ணே? ஒரு மூச்சு இழுத்து விடுங்க. சரியாயிடும்" என்றான், மரியாதையாக.

அன்றைக்கு மட்டும் இல்லை. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும், வண்டி வரும்போதெல்லாம். முதலாளி பார்த்தால் விளையாட்டு என்று நினைப்பார். வீரபாண்டி யாரிடம் போய் என்னவென்று முறையிடுவான்? ஒரு சாண் தள்ளி வண்டி நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். காலுக்குத்தான் தெரியாது. எதிரே வண்டி வருவதைக் கண்டதும் அவனுடைய வலதுகால் தானாகத் தூக்கி மண்ணில் மிதிக்க ஆரம்பித்துவிடும்.

சுமட்டுக்காரர்கள் இரண்டே நாளில் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மறுபடியும் எல்லாரும் தராசு மேடைக்கு ஓடிவந்து நிற்க ஆரம்பித்தார்கள், முன்னைவிட உற்சாகமாக. ஜீப்பை யாரும் பார்ப்பதில்லை. வீரபாண்டியின் காலைப் பார்த்துத்தான் எண்ணுவார்கள். "ஒண்ணு! ரண்டேஏஏ…"

அந்த இடத்தில் கால் மண்ணைவிட்டு முழுசாக எழும்பி, ஒரு மூச்சு நேரம் அந்தரத்தில் நிற்கும். பிறகுதான் மூன்றாவது. வெங்கிட்டு ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு, அந்தக் கால் இறங்குகிறவரைக்கும், ஒரு நாளும் தவறாமல், பார்த்துக்கொண்டிருப்பான்.